"என்ன வேலை செய்கிறீர்கள்?" - கணிப்பொறி நோயாளி கற்றுத்தரும் பாடம்

கடையில் சரக்கு கெட்டால் நமக்கு உடனே தெரிந்துவிடும். பருப்பில் வண்டு விழுந்தால் கண்ணில் படும். எண்ணெய் காறினால் மூக்கு சொல்லும். எடை குறைந்தால் தராசு காட்டிக் கொடுக்கும். ஆனால் அந்தச் சரக்கைத் தூக்கி, சலித்து, நிறுத்து, பொட்டலம் கட்டித் தரும் ஆளின் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு வந்தால் அது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஒரு நாள் அவர் வேலைக்கு வரமாட்டார். இருமல் என்பார், இடுப்பு வலி என்பார். பல நேரங்களில் அந்த ஆள் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளியாகவே இருப்பார்.

மருத்துவரிடம் போனால் அவர் காய்ச்சல் பார்ப்பார், நெஞ்சில் குழல் வைத்துப் பார்ப்பார், மாத்திரை எழுதித் தருவார். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது, "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்? அதை எப்படிச் செய்கிறீர்கள்?" என்று நிதானமாகக் கேட்க அவருக்கு நேரம் கிடைப்பது அரிது. அந்தக் கேள்வி கேட்கப்படாததால் நோயின் வேர் தெரியாமலே போகிறது. மருந்துச் செலவும் மாதக்கணக்கில் ஓடுகிறது.

இந்தக் கேள்வியை மறக்காமல் கேட்கும்படி மருத்துவர்களைப் பழக்குவதற்கு உலகின் பல மருத்துவக் கல்லூரிகளில் ஒரு முறை கையாளப்படுகிறது. அதற்கு மெய்நிகர் நோயாளி முறை என்று பெயர். எளிதாகச் சொன்னால் கணிப்பொறி நோயாளி. மளிகைக் கடைக்கும் கணிப்பொறி நோயாளிக்கும் என்ன சம்பந்தம் என்று நம் வணிகர்கள் கேட்கலாம். நிறையவே சம்பந்தம் உண்டு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முந்நூறு ஆண்டுப் பழைய கேள்வி

தொழிலால் வரும் நோய்களைப் பற்றி முதன்முதலில் முழுமையான நூல் எழுதியவர் பெர்னார்டினோ ராமசினி என்ற இத்தாலிய மருத்துவர். 1633-இல் பிறந்த அவர் மோதேனா நகரிலும் பின்னர் பதுவா நகரிலும் மருத்துவப் பேராசிரியராக இருந்தார். 1700-ஆம் ஆண்டு அவருடைய நூல் வெளிவந்தது. மலக்குழியைச் சுத்தம் செய்யும் ஒரு தொழிலாளி அவசர அவசரமாக வேலை செய்வதைப் பார்த்து, காரணம் கேட்டு, அதிலிருந்தே இந்த ஆராய்ச்சியில் இறங்கியதாக அவர் குறிப்பிடுகிறார்.

நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகள் என்று பண்டைய கிரேக்க மருத்துவர்கள் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியலில் இன்னும் ஒன்றைச் சேர்க்கவேண்டும் என்றார் ராமசினி. அந்தக் கேள்விதான், "உமது தொழில் என்ன?"

அவருடைய நூலில் நம் வணிகர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. சுரங்கத் தொழிலாளி, கண்ணாடித் தொழிலாளி என்று மட்டும் அவர் எழுதவில்லை. தானியத்தைச் சலிப்பவர்களுக்கும் அளப்பவர்களுக்கும் தனி அத்தியாயம் இருக்கிறது. மாவு அரைப்பவர்கள், ரொட்டி சுடுபவர்கள், சுமை தூக்குபவர்கள், நின்றுகொண்டே வேலை செய்பவர்கள், உட்கார்ந்தே வேலை செய்பவர்கள் என எல்லோரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஒரு மளிகைக் கடையில் இவர்கள் அத்தனை பேரும் இருக்கிறார்கள். சிறிய கடையாக இருந்தால் இத்தனை வேலையையும் ஒரே ஆள் செய்கிறார்!

கல்லூரியில் ஏன் கற்பிக்க முடிவதில்லை?

முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்ட கேள்வி இன்றும் ஏன் விட்டுப்போகிறது? மருத்துவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் படிக்கும் முறையிலேயே இதற்கான காரணங்கள் இருக்கின்றன.

மருத்துவ மாணவர் நோயைக் கற்பது மருத்துவமனைக் கட்டிலின் அருகில். அங்கே மாரடைப்பு வந்தவர் இருப்பார், காய்ச்சல் வந்தவர் இருப்பார். தொழிலால் நோய் வந்தவரும் இருக்கலாம். ஆனால் கட்டிலில் படுத்திருக்கும்போது அவரிடம் மூட்டையும் இல்லை, தூசியும் இல்லை. நோயைப் பார்க்கும் மாணவர் வேலையைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது காரணம் காலம். கல் உடைக்கும் தூசியால் வரும் சிலிகோசிஸ் போன்ற நுரையீரல் நோய் பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே தலைகாட்டுகிறது. அதற்குள் அந்த ஆள் வேறு வேலைக்கு மாறியிருப்பார்.

மூன்றாவது காரணம், வேலை நடக்கும் இடத்திற்கு மாணவர்களைக் கூட்டமாக அழைத்துச் செல்வதில் உள்ள சிரமம். நம் கொரட்டூருக்குப் பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களிலிருந்து இருக்கிறது. அங்கே ஒரு பட்டறைக்குள் நூறு மாணவர்களை எத்தனை முறை அழைத்துப் போக முடியும்? தொழிற்சாலையாவது ஒரு முறை பார்க்கப்படும். பத்துக்குப் பத்து அடி மளிகைக் கிடங்கை எந்தக் கல்லூரியும் பார்க்க வருவதில்லை.

நடிக்கும் நோயாளியும் கணிப்பொறி நோயாளியும்

இந்தச் சிக்கலுக்கு வழி தேடியவர்கள் முதலில் நடிப்பைத் துணைக்கு அழைத்தார்கள். 1963-இல் அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் என்பவர், நல்ல உடல்நலத்தோடு இருந்த ஒரு பெண்ணுக்கு நோயாளியாக நடிக்கப் பயிற்சி கொடுத்தார். மாணவர்கள் அவரிடம் கேள்வி கேட்டு, பரிசோதித்து, நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். தவறு செய்தாலும் யாருக்கும் ஆபத்து இல்லை. முதலில் பலர் இதை வேடிக்கையாகப் பார்த்தார்கள். இன்று பல நாடுகளில் மருத்துவத் தேர்வுகளிலேயே இம்முறை இடம்பெற்றுவிட்டது.

ஆனால் நடிகரை எங்கும் எப்போதும் அழைத்துப் போக முடியாது. கணிப்பொறி பரவியபின் அதே நோயாளியைத் திரைக்குள் கொண்டுவந்தார்கள். தொழில் மருத்துவத்தில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஜெர்மனியில் உள்ளது. மியூனிக் நகரின் லுட்விக் மாக்சிமிலியன் பல்கலைக்கழகத்தில் 1999-இல் 'நெட்வோர்ம்' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. தொழிலால் வரும் நோய்களைக் கணிப்பொறி நோயாளிகள் வாயிலாகக் கற்பிப்பதே அதன் வேலை. அங்கே உருவான நோயாளிக் கதைகள் பின்னர் பிற நாட்டு மருத்துவர்களோடு சேர்ந்து வேறு மொழிகளிலும் எழுதப்பட்டன. தென் அமெரிக்க நாடுகளுக்காக ஸ்பானிய மொழியிலும் பல வந்துள்ளன.

இது எப்படி நடக்கிறது? சீட்டுக்கட்டை ஒவ்வொன்றாகத் திருப்புவது போலத்தான். முதல் சீட்டில் நோயாளி தன் தொல்லையைச் சொல்கிறார். மாணவர் என்ன கேட்கவேண்டும் என்று முடிவு செய்கிறார். அடுத்த சீட்டில் அதற்கான பதில். பிறகு என்ன சோதனை வேண்டும், முடிவு என்ன, என்ன மருந்து, வேலையைப் பற்றி என்ன சொல்வது என்று ஒவ்வொரு படியிலும் மாணவரே தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு தீர்மானத்திற்கும் பின்னால் அனுபவமுள்ள மருத்துவர் எழுதிவைத்த விளக்கம் வருகிறது. படமும், எக்ஸ்ரேயும், வேலை நடக்கும் இடத்தின் காட்சியும் இடையிடையே சேர்க்கப்படும்.

ஒரு மாதிரி நோயாளி

இதைப் புரிந்துகொள்ள நம் தொழிலிலிருந்தே ஒரு நோயாளியைக் கற்பனை செய்து பார்ப்போம். இவர் உண்மையான ஆள் அல்ல. கணிப்பொறிக்காக எழுதினால் எப்படி இருப்பார் என்பதற்கு ஒரு மாதிரி.

முதல் சீட்டு: வயது 34. கொரட்டூரில் மொத்த மளிகைக் கடை ஒன்றில் உதவியாளர். எட்டு மாதமாக இருமல், இரவில் இழுப்பு. மூன்று மருத்துவர்களைப் பார்த்தாகிவிட்டது. சளி மருந்து, ஆன்டிபயாடிக், இருமல் டானிக் எல்லாம் சாப்பிட்டிருக்கிறார். காசநோய்ச் சோதனையும் செய்து, இல்லை என்று வந்துவிட்டது. புகை பிடிக்கும் பழக்கம் இல்லை.

மாணவர் இந்த இடத்தில் ஆஸ்துமா என்று எழுதி மருந்து கொடுத்துவிடலாம். கணிப்பொறி அதைத் தடுக்காது. ஆனால் ஆறு வாரம் கழித்து அதே நோயாளி திரும்பி வருவார். "மருந்து எடுக்கும்போது கொஞ்சம் பரவாயில்லை, வேலைக்குப் போனால் மறுபடியும் வருகிறது" என்பார். அப்போதுதான் மாணவர் விழித்துக்கொள்வார்.

இரண்டாம் சீட்டு: கேட்கவேண்டிய கேள்விகள். எப்போது அதிகம்? வேலை நாளின் மாலையிலும் இரவிலும். லீவு நாளில் எப்படி? ஞாயிற்றுக்கிழமையும் அரை நாள் கடை உண்டு, அதனால் பெரிய மாற்றம் தெரிவதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது? பத்து நாளும் இருமலே இல்லை! இந்த ஒரு பதிலில் பாதி நோய் வெளிப்பட்டுவிடுகிறது. ஊருக்குப் போனால் சரியாகி, கடைக்கு வந்தால் திரும்பும் இழுப்பு என்றால் கடையில் என்ன இருக்கிறது என்று தேடத்தான் வேண்டும்.

மூன்றாம் சீட்டு: வேலை விவரம். இரண்டு வருடமாக மைதா, கடலை மாவு, கோதுமை மாவு மூட்டைகளைப் பிரித்து அரைக் கிலோ, ஒரு கிலோப் பைகளில் போடுகிறார். அதே அறையில் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் பொட்டலம் போடப்படுகின்றன. கூட வேலை செய்யும் ஒருவருக்கும் மூக்கில் நீர் வடிதல், தும்மல் உண்டு.

நான்காம் சீட்டு: அறையின் படம். ஒரே ஜன்னல், அதன் முன்னால் மூட்டை அடுக்கப்பட்டிருக்கிறது. மாவை உயரத்திலிருந்து டப்பாவில் கொட்டுகிறார்கள். காலிச் சாக்கைக் கதவருகே உதறுகிறார்கள். மாலையில் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குகிறார்கள். எங்கெங்கே தூசி கிளம்புகிறது என்று மாணவர் அந்தப் படத்தில் தொட்டுக் காட்டவேண்டும்.

ஐந்தாம் சீட்டு: சோதனை. பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு கருவியில் நோயாளி ஊதவேண்டும். மூச்சின் வேகத்தை அது எண்ணாகக் காட்டும். ஒரு நாளைக்கு நான்கு முறையாவது, இரண்டு மூன்று வாரம், வேலை நாளிலும் ஓய்வு நாளிலும் ஊதிக் குறித்து வரவேண்டும். வேலை நாளில் எண் இறங்கி, ஓய்வு நாளில் ஏறினால் சந்தேகம் உறுதிப்படுகிறது. நாம் தினசரி விற்பனையை எழுதி ஏற்ற இறக்கம் பார்ப்பது போன்ற கணக்குதான் இது.

கடைசிச் சீட்டு: மிகவும் கடினமான சீட்டு. நோய் தெரிந்துவிட்டது. இப்போது என்ன சொல்வது? "வேலையை விட்டுவிடு" என்றால் குடும்பம் என்ன செய்யும்? "மாஸ்க் போட்டுக்கொள்" என்றால் போதுமா? போதாது. ஒரு முறை உடம்பு மாவுத் தூசிக்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகக் குறைந்த தூசியும் இழுப்பைக் கொண்டுவரும். நோய் தொடங்கியபின் எத்தனை சீக்கிரம் தூசியிலிருந்து விலகுகிறாரோ அத்தனைக்குக் குணமாகும் வாய்ப்பு அதிகம். வருடக்கணக்கில் தள்ளிப்போட்டால் தூசியை விட்ட பின்னும் ஆஸ்துமா தங்கிவிடலாம். எனவே அவருக்குக் கடையிலேயே பில் போடும் வேலையோ, டெலிவரி வேலையோ கொடுக்கமுடியுமா என்று முதலாளியிடம் பேசுவதே முதல் வழி. கூடவே அந்த அறையின் தூசியையும் குறைக்கவேண்டும். இல்லாவிட்டால் அடுத்து அங்கே உட்காரும் ஆளுக்கும் அதேதான் வரும்.

பாருங்கள், நோயாளியின் கதை மருத்துவமனையில் தொடங்கி நம் கடையில் வந்து முடிகிறது. மருந்துச்சீட்டின் கடைசி வரியை எழுதவேண்டியவர் முதலாளிதான்.

பலன் உண்டா?

கணிப்பொறியில் படித்தவர் நிஜ நோயாளியிடம் நன்றாகச் செயல்படுவாரா என்ற கேள்வி நியாயமானது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, பல நாடுகளில் 4,696 பேரை வைத்து நடந்த 51 சோதனைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. பாட அறிவைப் பொறுத்தவரை இம்முறை வகுப்புப் பாடத்துக்குச் சமமாக இருந்தது. நோயை ஆராய்ந்து முடிவெடுக்கும் திறமையில் வகுப்புப் பாடத்தைவிட மேலாக இருந்தது. காரணம் எளிது. வகுப்பில் ஆசிரியர் முடிவெடுக்கிறார், மாணவர் எழுதிக்கொள்கிறார். இங்கே மாணவரே முடிவெடுத்து, தவறினால் அதன் விளைவையும் உடனே பார்க்கிறார். வியாபாரத்தைப் புத்தகத்தில் படித்தவருக்கும், கல்லாவில் உட்கார்ந்து கற்றவருக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா?

நம் நாட்டில் என்ன இருக்கிறது?

1984 டிசம்பரில் போபால் நகரில் விஷவாயு கசிந்தபோது ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைக்கு ஓடினார்கள். எந்த வாயு, என்ன சிகிச்சை என்பது அங்கிருந்த மருத்துவர்களுக்குத் தெரியாமல் திண்டாடினார்கள். அதற்குப்பின் 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்தான தொழில்களுக்குத் தனி விதிகள் வந்தன. தொழில் மருத்துவம் படித்த மருத்துவர்களின் தேவையும் கூடியது. எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு 'ஏ.எஃப்.ஐ.எச்.' எனப்படும் மூன்று மாதப் படிப்பு நடத்தப்படுகிறது. சென்னை சர்தார் படேல் சாலையில் உள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் கழகமும் இதை நடத்தும் நிறுவனங்களில் ஒன்று. 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய புதிய சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது.

நமக்கு அருகிலேயே போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் தொழில் சுகாதாரத்திலும் சுற்றுச்சூழல் சுகாதாரத்திலும் உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்து பணியாற்றியிருக்கிறது. கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் தொழில்நோய்களுக்கென்றே ஒரு மையம் அமைக்கப்பட்டது. 2019-இல் மருத்துவப் படிப்பின் பாடத்திட்டம் மாற்றப்பட்டபோது, செயல்முறைத் திறன்களைப் பழகுவதற்குத் தனிப் பயிற்சிக்கூடம் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரிக்கும் தேவை என்று விதிக்கப்பட்டது. கணிப்பொறி நோயாளிக்கு இடம் தேடவேண்டியதில்லை. இடம் தயாராகவே இருக்கிறது.

தொழில்நோய் என்று மருத்துவர் எழுதுவதில் இன்னொரு விஷயமும் அடங்கியுள்ளது. இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ளவருக்குச் சட்டத்தின் பட்டியலில் சொல்லப்பட்ட தொழில்நோய் வந்தால், அது வேலையில் ஏற்பட்ட காயத்துக்குச் சமமாகக் கருதப்பட்டு உதவி கிடைக்கும். தொழிலில் உள்ள ஒவ்வாமைப் பொருளால் வரும் ஆஸ்துமாவும் அந்தப் பட்டியலில் உண்டு. வெறும் "ஆஸ்துமா" என்று சீட்டில் எழுதிவிட்டால் அந்த உதவி கேட்க வழியில்லை.

கடைக்குள் இருக்கும் மற்ற ஆபத்துகள்

மாவுத் தூசியைப் பார்த்தோம். கணிப்பொறிக்கு எழுதத்தக்க இன்னும் மூன்று நோயாளிகள் நம் கடைகளில் இருக்கிறார்கள்.

முதலாமவர் மூட்டை தூக்குபவர். செங்குன்றத்திலிருந்து அரிசியும், கோயம்பேட்டிலிருந்து பருப்பும் வந்து இறங்கும்போது எல்லாம் முதுகில்தான் ஏறுகிறது. ஒரு காலத்தில் சர்க்கரை மூட்டை 100 கிலோ. பிறகு 50 கிலோவானது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் போகவேண்டாம் என்று பரிந்துரைத்தது. அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷ், எல்லா வசதியும் இருக்கும் நிலையிலேயே கையால் தூக்க 23 கிலோதான் அளவு என்று கணக்கிட்டது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள, லேபிள் ஒட்டிய அரிசிப் பைக்கு ஜி.எஸ்.டி. வந்தபின் 26 கிலோப் பைகள் வந்தது நம் அனைவருக்கும் தெரியும். வரிக்காக வந்த பை என்றாலும், 75 கிலோ மூட்டையை நினைத்தால் முதுகுக்கு அது நல்லதே.

இரண்டாமவர் நாள் முழுக்க நிற்பவர். காலையில் கடை திறந்தது முதல் இரவு வரை நின்றால் காலில் இரத்தக்குழாய் புடைக்கும், கணுக்கால் வீங்கும், இடுப்பு வலிக்கும். ராமசினி சொன்ன அதே நோய்தான். கேரளம் 2018-இல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் வசதியைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி தரவேண்டும் என்று விதித்தது. ஒரு முக்காலியின் விலை அப்படி ஒன்றும் பெரியதல்ல.

மூன்றாமவர்தான் நம்மை மிகவும் அச்சப்படுத்தவேண்டியவர். தானியத்தில் வண்டு வராமல் இருக்க வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை நம்மில் பலர் அறிவோம். காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற விஷவாயு கிளம்புகிறது. 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து 1 கிராம் வாயு வரும். மனிதர் வேலை செய்யும் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 0.3 பங்குக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது பல நாடுகளில் உள்ள அளவு. பூண்டு அல்லது அழுகிய மீன் போன்ற வாடை வரலாம், வராமலும் இருக்கலாம். வாடை இல்லை என்பதால் வாயு இல்லை என்று நம்பக்கூடாது. இதற்கு மாற்று மருந்து கிடையாது.

கிடங்கில் மாத்திரை வைத்துவிட்டு, அதே கிடங்கிலோ அடுத்த அறையிலோ மேல்மாடியிலோ ஆட்கள் படுத்துறங்கினால் என்ன ஆகும்? நள்ளிரவில் வாந்தி, தலைச்சுற்றல், நெஞ்சு இறுக்கம். இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வந்தால் சாப்பாட்டில் ஏதோ கெட்டுப்போயிற்று என்று எண்ணுவதே இயல்பு. மருத்துவரும் அப்படியே எண்ணலாம். "மூட்டைக்கு மாத்திரை வைத்திருக்கிறோம்" என்ற ஒரே ஒரு வாக்கியத்தை யாராவது சொன்னால்தான் அவருடைய சிந்தனை திசை மாறும். அந்த ஒரு வாக்கியம் உயிரைக் காக்கும் வாக்கியம். இந்தியாவில் இம்மருந்தின் விற்பனையும் உபயோகமும் அரசு நிறுவனங்களுக்கும், அரசு நிபுணர்களின் மேற்பார்வையில் அனுமதி பெற்ற பூச்சி ஒழிப்பு நிறுவனங்களுக்கும் மட்டுமே என்று கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. கடைக்காரர் தாமாக வாங்கி வைப்பது ஆபத்து மட்டுமல்ல, விதிமீறலும் ஆகும்.

கணிப்பொறிக்குத் தெரியாதவை

கணிப்பொறி நோயாளியை அளவுக்கு மீறிப் புகழவும் கூடாது. திரையில் வாடை வராது. நாடி பிடித்துப் பார்க்க முடியாது. உண்மையான நோயாளியின் தயக்கமும், "முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள்" என்ற பயமும் முழுமையாகத் திரையில் வருவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதியவருக்குத் தெரிந்த அளவே அந்த நோயாளிக்கும் தெரியும். ஜெர்மானிய மருத்துவர் எழுதும் நோயாளி ரொட்டிக் கடையில் வேலை செய்வார். நம் மிளகாய் வற்றல் மூட்டையும், கோணிச் சாக்கை உதறும் பழக்கமும், கடைக்குள்ளேயே படுத்துறங்கும் வழக்கமும் அவருக்குத் தெரியாது. தமிழ்நாட்டு மருத்துவ மாணவருக்குத் தமிழ்நாட்டு நோயாளி வேண்டுமானால், அந்தக் கதையை எழுத மருத்துவர் மட்டும் போதாது. எந்த மாதத்தில் எந்தச் சரக்கு வருகிறது, எது தூசி அதிகம், எதை யார் எப்படித் தூக்குகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்த வணிகரும் பக்கத்தில் இருக்கவேண்டும். மருத்துவக் கல்லூரிகள் கேட்டால் இந்த உதவியைச் செய்ய வணிகர் சங்கங்கள் முன்வரவேண்டும். கேட்காவிட்டாலும் நாமே சென்று சொல்லலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. ஊழியரோ நாமோ மருத்துவரிடம் செல்லும்போது ஒரு சிறு சீட்டு எழுதி எடுத்துச் செல்லலாம். என்ன வேலை, எத்தனை வருடம், எந்தெந்தச் சரக்கு, எப்போது தொல்லை அதிகம், ஊருக்குப் போனால் குறைகிறதா, கூட வேலை செய்பவருக்கும் உண்டா, கடையில் புதிதாக என்ன மருந்து அல்லது இயந்திரம் வந்தது. இந்த ஏழு விவரம் போதும். மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிடலாம்.

2. மாவு, தூள் வகைகளைப் பொட்டலம் போடும் இடத்தில் ஜன்னலை அடைக்கும் மூட்டைகளை நகர்த்தி, எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று வைக்கவேண்டும். உயரத்திலிருந்து கொட்டாமல் டப்பாவுக்குள் கரண்டியால் இறக்கவேண்டும். உலர்ந்த துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். காலிச் சாக்கை உள்ளே உதறக்கூடாது.

3. மூட்டைக்கு ஒரு தள்ளுவண்டி, அடியில் மரக்கட்டை. அதிகம் எடுக்கும் சரக்கை இடுப்பு உயரத்தில் அடுக்கலாம். 50 கிலோவை ஒருவர் தூக்காமல் இருவர் பிடிக்கலாம்.

4. கல்லாவுக்கு மட்டுமல்லாமல் சரக்கு நிறுத்துத் தருபவருக்கும் ஒரு முக்காலி.

5. பூச்சி மாத்திரை விஷயத்தில் சமரசம் வேண்டாம். அனுமதி பெற்றவர்களே செய்யவேண்டும். வாயு வைத்த கிடங்கில் எச்சரிக்கைப் பலகை மாட்டவேண்டும். காற்றோட்டம் விட்டு, செய்தவர் சொல்லும்வரை யாரும் நுழையக்கூடாது. அருகில் யாரும் உறங்கக்கூடாது. தொல்லை தோன்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து 108-ஐ அழைத்து, மருந்தின் பெயரை முதலில் சொல்லவேண்டும்.

6. சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, மேலே சொன்ன சீட்டு முறையையே காகிதத்தில் நடத்திப் பார்க்கலாம். உள்ளூர் மருத்துவர் ஒருவர் நோயாளியின் பதில்களைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். உறுப்பினர்கள் கேள்வி கேட்டு நோயின் காரணத்தைக் கண்டுபிடிக்கட்டும். இதற்குக் கணிப்பொறி கூடத் தேவையில்லை.

இந்தச் செலவுகளைக் கணக்குப் பார்த்தால், அனுபவமுள்ள ஓர் ஆள் இரண்டு மாதம் வராமல் போவதால் ஏற்படும் நஷ்டத்தைவிடக் குறைவாகவே இருக்கும். நம் கடைகளில் பதினைந்து, இருபது வருடம் கூடவே இருந்து, வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஊழியர்கள் உண்டு. அவர்கள் நம் முதலீட்டில் சேர்ந்தவர்கள். கணக்கில் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே வணிகப் பெருமக்களே, நாளைக் காலை கடை திறந்ததும் சரக்கு இருப்பைப் பார்ப்பதோடு, ஆட்களின் முகத்தையும் ஒரு முறை பாருங்கள். யாராவது தொடர்ந்து இருமினால், "ஊருக்குப் போனால் இது குறைகிறதா?" என்று கேளுங்கள். ஆம் என்று பதில் வந்தால், அதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து மருத்துவரிடம் அனுப்புங்கள்.